குறி போடாத மூட்டை

மலைமேல் இருக்கிற ஆலத்தூர் நாட்டுச் சங்கீதாவுக்குக் கோவமே வராதுன்னு ஊரில் ஒரு பேச்சு உண்டு. பச்சைப் பொய்யுங்க. கோவம் வரும். வந்த கோவத்தை எங்கே கொண்டு போய் வைக்கிறதுன்னுதான் அவளுக்குத் தெரியாது.

முப்பது வயசு. ஒத்தைப் பொண்ணு. கம்ப்யூட்டர் படிச்சு, நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கி மூணு வருஷம் வேலை பார்த்தவள்தான். ஒரு தை மாசம் அப்பா சின்னமுத்து மிளகு பறிக்க ஏறின ஒத்தை மூங்கில் ஏணி வழுக்கி, மரத்தடியில் விழுந்து இடுப்பு ஒடிஞ்சது. அன்னைக்குப் பஸ் ஏறி மேலே வந்தவள் மறுபடி வேலைக்குன்னு இறங்கவே இல்லை. அம்மா குழந்தையம்மாள் ஒருத்தியால் அந்த மனுஷனைத் தூக்கி உட்கார வைக்க முடியாது. அதனால் சங்கீதாவுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு: மலையை விட்டு இறங்காமல் செய்யற ஒரு வேலை.

கிடைக்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளும் இல்லை அவள். ஊரில் மிளகு காய வைக்க ஒரே ஒரு சிமெண்டுக் களம். இன்னைக்கு யார் முறை, நாளைக்கு யார் முறைன்னு வருஷா வருஷம் கைகலப்பு வரைக்கும் போகும். ஒரு வருஷம் செங்கோடன் தன் பங்காளி மேலேயே முறத்தை வீசினார். சங்கீதா அதுக்கு ஒரு ஆப் எழுதினாள். பேர் 'களம்'. யாருக்கு எந்த நாள்னு அது வரிசை போடும், முதல் நாள் சாயங்காலமே போனுக்குத் தகவல் அனுப்பும், மழை பெய்ஞ்சால் எல்லார் முறையையும் தானாகத் தள்ளி வைக்கும். விவசாயக் குழு ஆபீசில் ஒரு காலேஜ்காரங்க தந்த பழைய கம்ப்யூட்டர் மூணு கிடந்தது. குபர்நெட்டிஸ்னு ஒரு ஏற்பாடு இருக்கே, அதைப் போட்டு மூணையும் ஒண்ணாகச் சேர்த்துப் பூட்டினாள். கரண்டு போய் ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு எந்திரிச்சு வேலையைப் பார்க்கும். ரெண்டு வருஷமாகக் களத்தில் சண்டை இல்லை. 'கண்ணு, உன் மிசினு எங்களுக்கு வேலையில்லாம பண்ணிருச்சு'ன்னு செங்கோடனே கேலி பேசுவார்.

அந்தச் சமயத்தில்தான் கோயமுத்தூர்க் கம்பெனி ஒண்ணில் இருந்து முருகானந்தம் என்கிற பெரிய இஞ்சினீயர் போனில் நேர்காணல் எடுத்தார். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாப் பேசறீங்கம்மா. ஆனா பேச்சு யாரு வேணா பேசலாமுங்க. பொது ஆப் கேட்டலாக்குல உங்க பேருல ஒண்ணு ஏத்திக் காட்டுங்க. அப்புறம் மலையிலிருந்தே வேலை பாருங்க, எனக்கொண்ணும் இல்ல."

பொதுக் கேட்டலாக்னா வேறொண்ணும் இல்லை. உலகத்தில் குபர்நெட்டிஸ் வச்சிருக்கிற எவரும் அந்தப் பட்டியலைத் திறந்து, வேண்டிய ஆப்பைத் தேடி, ஒரு பட்டனைத் தட்டித் தங்கள் இடத்தில் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அதில் ஏத்தறது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆப்பை, அது ஓட வேண்டியதோடு சேர்த்து ஒரு பொட்டலமாகக் கட்டணும். அதை எப்படி நிறுவறது, எவ்வளவு இடம் வேணும், தகவலை எங்கே சேமிக்கிறதுன்னு ஒரு குறிப்புக் கோப்பு எழுதணும், அதுக்கு 'சார்ட்'னு பேரு. படம் வைக்கணும், விளக்கம் வைக்கணும். பராமரிப்பவர் யாருன்னு ஒரு வரி போடணும். எல்லாத்தையும் சமர்ப்பிச்சால் முதலில் மிசின் சோதிக்கும், பிறகு எங்கோ வெளிநாட்டில் இருக்கிறவங்க படிச்சுப் பார்த்துக் குறை சொல்லுவாங்க.

இதெல்லாம் சங்கீதாவுக்குக் கைவந்த கலை. இடிச்சது நெட்வொர்க்தான். பொட்டலம் நாற்பது சதம் ஏறும், மேகம் இறங்கும், அறுந்துபோகும். மறுபடி முதலில் இருந்து ஏறும். அதனால் ஆரம்பத்திலிருந்தே ஒரு வழி வச்சிருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் எல்லாத்தையும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரத்தில் காரவள்ளிக்குப் போவாள். அங்கே கௌசிகா இருந்தாள்.

கௌசிகா யார்னு சொல்லியாகணும். காலேஜில் ஒரே அறை, ஒரே தட்டு, ஒரே சீப்பு. தோட்டம் துரவு உள்ள குடும்பம். ஊடு வரைக்கும் கம்பி இழுத்த இண்டர்நெட். அவ அம்மா ருக்குமணி, "வா சாமி, மலைக்காரி வந்துட்டா"ன்னு அரிசியும்பருப்புச் சோத்தில் நெய்யை ஊத்தி வைக்கும். சங்கீதா சாப்பிட்டு முடிக்கறதுக்குள் கௌசிகா தன் கணக்கிலிருந்து எல்லாத்தையும் இண்டர்நெட்டில் ஏத்தி வச்சிருவாள். எந்த நாளில் எந்தக் கணக்கு ஏத்தினதுன்னு அங்கே பதிவாகும். ஏத்தினது யார் கணக்குன்னு சங்கீதா ஒருநாளும் யோசிச்சதில்லை. தன் ஊட்டில் அவள் கையில் இருந்ததெல்லாம் 'களம்-கடைசி', 'களம்-கடைசி-2', 'களம்-கடைசியோ-கடைசி' என்கிற பெயர்களில் நாலைந்து ஃபோல்டர்.

சிரிக்காதீங்க. மலையில் அப்படித்தான். எவன் லாரியில் ஏத்திக் கீழே கொண்டு போனாலும் மிளகு மூட்டை சுமந்தவனுது ஆகிறாது. மூட்டை வாயில் யார் குறி தைச்சிருக்கோ அவங்களுது. சின்னமுத்து ஊட்டுக் குறி நீல நூலில் மூணு தையல். அந்த ஊட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. வருஷத்து முதல் மூட்டைக்கு மட்டும் உடனே குறி போட மாட்டார்கள். குலசாமி முன்னாடி வச்சு, கற்பூரம் காட்டினதுக்கு அப்புறம்தான் தையல். சாமிக்கு முன்னாடி நம்ம பேரு நிக்கக் கூடாதுன்னு சின்னமுத்து சொல்லுவார்.

ஆவணியில் சார்ட் தயாரானது. எல்லா வரியும் எழுதினாள். 'பராமரிப்பவர்' என்ற வரியை மட்டும் வெறுமையாக விட்டாள். அவள் வாழ்க்கையில் விளைஞ்ச முதல் மூட்டை அல்லவா அது!

"அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வாரேன் புள்ள," என்றாள் கௌசிகாவிடம். "பேரை வந்து நானே போட்டுக்கறேன். அதுவரைக்கும் சும்மா ஏத்தி மட்டும் வெச்சிரு. சமர்ப்பிக்காத."

"செரி செரி. உங்க சாமிக்கு எனக்கும் சேத்து ஒரு சூடம் கொளுத்து," என்றாள் கௌசிகா.

புதன்கிழமையே சமர்ப்பிச்சுவிட்டாள். வெள்ளிக்கிழமை விபூதியும் நெத்தியுமாகப் போய் நின்ற சங்கீதாவிடம் திரையைத் திருப்பிக் காட்டினாள். பராமரிப்பவர்: கௌசிகா. "அடுத்த வாரம் எனக்குக் கல்யாண ஊடு இருக்குது, அதான் அனுப்பிட்டேன். பேரு இல்லாம அந்த மிசினு வாங்க மாட்டேங்குது. என் பேரை வெச்சுத் தள்ளிவிட்டேன். ஏத்துக்கிட்டாங்கன்னா மாத்திக்கலாம், ஒரு வரிதான?"

ஒரு வரிதானே. சங்கீதா நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? சொன்னது கௌசிகா.

குறைப் பட்டியல் வந்தது. ஆப்புக்கு இத்தனை அதிகாரம் கொடுக்கக் கூடாது, குறை. எவ்வளவு நினைவகம் தின்னும்னு எழுதலை, குறை. விளக்கம் போதாது, குறை. பதினேழு குறை. ஒவ்வொண்ணையும் கௌசிகா வாட்ஸாப்பில் தள்ளிவிட, சங்கீதா அப்பாவுக்கு ஒத்தடம் கொடுத்த கையோடு உட்கார்ந்து திருத்தி அனுப்புவாள். கௌசிகா ஏத்துவாள். வெளிநாட்டுக்காரங்க "அருமையான வேலை கௌசிகா"ன்னு எழுதுவாங்க. அதையும் சங்கீதா படித்தாள். சுருக்கென்று இருந்தது. அடுத்த குறையைத் திருத்த உட்கார்ந்தாள். புரட்டாசிக் கடைசியில் 'களம்' கேட்டலாக்கில் ஏறியது.

"பேரு?" என்று கேட்டாள்.

"இப்பத்தான ஏறியிருக்குது. ஒடனே மாத்துனா சந்தேகப்படுவாங்க. ஒரு மாசம் போவட்டும்."

அந்த ஒரு மாசத்தைச் சங்கீதாவால் பொறுக்க முடியவில்லை. முருகானந்தம் காத்திருப்பாரே! லிங்க்கை அவருக்கு அனுப்பினாள். 'பேர் தோழியுடையது, மாற்றப் போகிறோம்' என்று கீழே எழுதினாள். மறுநாளே போன் வந்தது. குரலில் பழைய இளக்கம் இல்லை.

"ஏனுங்கம்மா, இதே லிங்க்கை நாலு நாளைக்கு முன்னாடி கௌசிகான்னு ஒருத்தர் அனுப்பி, நேர்காணலும் முடிஞ்சு, வேலைக்கு ஆர்டரும் குடுத்தாச்சுங்க. முதல் நாள்லயிருந்து இந்த நாள் வரைக்கும் ஏத்துன வரலாறு பூரா அவங்க பேருல இருக்குது. உங்க பேரு ஒரு எடத்துலயும் இல்லீங்களே?"

"நான் எழுதுனதுங்க சார். என்கிட்ட ஃபோல்டர் இருக்குதுங்க."

"ஃபோல்டர் யாரு வேணா வெச்சிருக்கலாம்மா," என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "வயசுப் புள்ளைங்க. அடுத்தவங்க வேலையை நம்முதுன்னு காட்டறது நல்லதில்லீங்க," என்று புத்தி சொல்லி வைத்தார்.

திருட்டுக் கொடுத்தவளுக்கே திருடிப் பட்டம். இதைவிட ஒரு கொடுமை இருக்கா, நீங்களே சொல்லுங்க! சங்கீதாவுக்குப் போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த வேலையைப் பற்றிக் கௌசிகாவிடம் சொன்னது யார்? இவளேதான். கம்பெனி பேரு, முருகானந்தம் என்ன கேப்பார், எதுக்கு என்ன சொல்லணும், எல்லாத்தையும் நெய்ச்சோறு தின்னுக்கிட்டே ஒண்ணுவிடாமல் ஒப்பிச்சவள் இவள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள்.

அடுத்த பஸ்ஸில் இறங்கினாள். ருக்குமணி வழக்கம்போல் இலை போட்டது. சங்கீதா உட்காரவில்லை.

"ஏண்டி இப்படிப் பண்ணுன?"

கௌசிகா முகத்தைக் கூட மாற்றிக்கொள்ளவில்லை. "நான் என்ன திருடியா? பேரை எழுதாம வெச்சது நீ. ஏத்துனவ நான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் வேலையை விட்டுட்டு உன் வேலையைப் பாத்தேன்ல? எனக்கும் வேலை வேணுமில்ல? எத்தனை நாளைக்கு எங்கப்பன் என்னைத் தோட்டத்துல நிக்க வெப்பான்?"

"கேட்டிருந்தா சேத்துப் போட்டிருப்பனேடி. ரெண்டு பேரு பேரையும்."

"அப்ப ஒரு வேலையை ரெண்டு பேருக்குப் பிரிச்சா குடுப்பாங்க?" என்றாள் கௌசிகா. பிறகு ஏதோ பெரிய மனசு பண்ணுகிறவள் போல, "ஆறு மாசம் போவட்டும். எனக்கு வேலை நெரந்தரம் ஆயிரட்டும். உன் பேரையும் ரெண்டாவதாச் சேத்தறேன்," என்றாள்.

ரெண்டாவதாக!

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஊட்டில் கை நனைக்காமல் சங்கீதா பஸ் ஏறினாள். எழுபது வளைவும் அழுதுகொண்டே வந்தாள். கண்டக்டர் டிக்கெட் கேக்காமல் விட்டுவிட்டுப் போனார். கேட்டலாக்குக்காரங்களுக்கும் எழுதிப் பார்த்தாள். சமர்ப்பித்தவர் தன் உரிமையென்று உறுதி சொல்லியிருக்கிறார், மாற்றுச் சான்று இருந்தால் அனுப்புங்கள்னு மரியாதையாகப் பதில் வந்தது. சான்றுக்கு எங்கே போவாள்? கடைசியோ-கடைசியையா காட்டுவாள்?

தை பிறந்தது. குழு ஆபீசிலும் இப்போது கேட்டலாக்கிலிருந்து நிறுவின 'களம்'தான் ஓடியது. களத்தில் மிளகு விழ ஆரம்பித்த வாரம், 'களம்' ஆப்புக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதாகத் தகவல் காட்டியது. கௌசிகா போட்டது. குழு ஆபீசில் இருக்கும் அத்தாயி அக்கா ஒண்ணும் தெரியாமல் பட்டனைத் தட்டிவிட்டது. மொத்த வரிசையும் காணோம். விடிஞ்சால் களத்தில் ஒரே கூச்சல். நாலு பேர் நாலு மூலையில் மிளகைக் கொட்டிவிட்டார்கள். "இன்னைக்கு என் முறை, எவன் வந்தாலும் விடமாட்டேன்"ன்னு செங்கோடன் நடுவில் குந்திக்கொண்டார். வெளியூரிலிருந்தும் கேட்டலாக்கில் ரெண்டு பேர் இதே புகாரை எழுதியிருந்தார்கள்.

சங்கீதா திறந்து பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தகவல் சேமிக்கிற இடத்துக்கு அவள் மாறாத ஒரு பேரை வச்சிருந்தாள். கௌசிகா ஏதோ புதுசாகச் செய்யறேன்னு அந்தப் பேரோடு பதிப்பு எண்ணைச் சேர்த்துவிட்டாள். புதுப் பதிப்பு வந்தால் புது இடம், காலி இடம். பழைய வரிசை அழியவில்லை, பழைய இடத்தில் பத்திரமாகக் கிடந்தது. ஒரு வரியை மாற்றினால் போதும். ஆனால் இங்கே மட்டும் மாற்றினால் அடுத்த பதிப்பில் மறுபடி போய்விடும், கேட்டலாக்கிலேயே மாற்றணும்.

கௌசிகாவிடமிருந்து வாட்ஸாப்பும் வந்தது. 'சங்கீ, அவசரம். கொஞ்சம் பாத்து எனக்கு அனுப்பி வையேன்.'

பதில் போடவில்லை. ஊர்க் களத்துக்காகத்தான் உட்கார்ந்தாள். ஒரு வரிக்கு மலை நெட்வொர்க்கே தாராளம். முதல் முதலாகத் தன் பேரில் ஒரு கணக்குத் திறந்து, தன் பேரையே கையெழுத்தாகப் போட்டு, திருத்தத்தை நேராகக் கேட்டலாக்குக்கு அனுப்பினாள். அரை நிமிஷத்தில் மிசின் பதில் எழுதியது:

'இது உங்கள் முதல் பங்களிப்பு. நல்வரவு! "களம்" ஆப்பின் பராமரிப்பாளர் கௌசிகா பார்த்து ஒப்புதல் தந்ததும் உங்கள் திருத்தம் சேர்க்கப்படும்.'

மறுபடி மறுபடி படித்தாள். சொந்த ஊட்டு வாசலில் நின்று உள்ளே வரலாமான்னு கேக்க வேண்டியிருந்தது. அதுவும் யாரிடம்!

ரெண்டு நாள் கழித்து ஒப்புதல் வந்தது. கூடவே கட்டை விரல் படம் ஒண்ணு, 'நல்ல திருத்தம், நன்றி' என்று மூணு வார்த்தை. முன்பின் தெரியாதவளுக்கு எழுதுகிற மாதிரி. களத்தில் வரிசை திரும்பி வந்தது. செங்கோடன் எழுந்து தன் மிளகை அள்ளிக்கொண்டு போனார்.

அதே வாரம் சின்னமுத்து ஊட்டு முதல் மூட்டை காய்ஞ்சு வந்து சுவரோரம் நின்றது. சங்கீதா கோணி ஊசியில் நீல நூலைக் கோத்துக்கொண்டு வந்து மூட்டை முன்னால் உட்கார்ந்தாள்.

"கண்ணு, இன்னும் சாமி கிட்ட வெக்கலியே," என்றார் கட்டிலில் இருந்த சின்னமுத்து.

"சாமிக்குத் தெரியுமுங்கப்பா இது யாருதுன்னு," என்றாள் சங்கீதா. மூணு தையலையும் இழுத்துப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மத்தவங்களுக்குத்தான் தெரியறதில்ல."