சர்வேயர் செய்த பன்னிரண்டாவது கார்

அடிபட்ட வண்டிகள்தான் அவருக்குச் சோறு போட்டன. இன்சூரன்ஸ் சர்வேயர். எங்கேயாவது ஒரு கார் இன்னொரு காரின் முதுகில் ஏறினாலோ, மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாலோ, பள்ளத்தில் குப்புறப் படுத்தாலோ அவருக்குப் போன் வரும். பையில் ஒரு டேப், ஒரு டார்ச், ஒரு குறிப்பு நோட்டு. ஒர்க்‌ஷாப்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'டேமேஜ் சார்'. நேரில் வெறும் சார். கேட்டைத் தாண்டிப் போனதும் முன்பாதியும் வந்து ஒட்டிக்கொள்ளும். அவருக்கும் இது தெரியும். ஐம்பத்தாறு வயதில் இதற்கெல்லாம் கோபப்படவும் தெம்பு வேண்டும் அல்லவா? விட்டுவிட்டார்.

முப்பது வருஷமாக ஊரே அவரிடம் ஒரே கதையை வேறு வேறு குரலில் சொல்லிவந்தது. "நான் பாட்டுக்கு நின்னுட்டு இருந்தேன் சார், தூண்தான் சார் வந்து இடிச்சுது" என்பது கீச்சுக் குரல். "முப்பதுலதான் சார் போனேன், அதுக்கு மேல போயிருந்தா என் பேர மாத்திக்கிறேன்" என்பது அடித்தொண்டை. அப்படிச் சொன்னவருடைய இன்ஜினோ டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி தலையாட்டிவிட்டு அவர் பம்பரைப் பார்க்கப் போய்விடுவார். ஆளைக் கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. தகரத்தைப் பார்த்தாலே போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் ஜன்னலோர மேஜைக்குப் போவார். அங்கேயும் கார்தான். பிளாஸ்டிக் கார், நிஜத்தில் இருபத்துநாலில் ஒரு பங்கு. பொம்மை என்று யாராவது சொன்னால் மட்டும் அவர் முகம் சுருங்கும், ஏனென்றால் பொம்மை கடையிலிருந்து காராகவே வரும். இது பெட்டியில் நூறு துண்டாக, சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொன்றாக வெட்டி, வெட்டின மூக்கை அரத்தால் ராவி, ஒட்டி, பெயின்ட்டை மெல்லிசாக ஆறு தடவை அடித்து, நடுநடுவே உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, கதவிடுக்கில் கறுப்பு மையை ஓடவிட்டு... ஒரு காருக்கு நாலு மாசம் பிடிக்கும்.

அவரிடம் பதினொரு கார்கள் இருந்தன. பதினொன்றும் அடிபட்டவை.

வேண்டுமென்று செய்தது இல்லை. முதல் காரில் ஈரப் பெயின்ட்டில் கட்டைவிரல் பதிந்துவிட்டது. தேய்த்துத் திரும்ப அடிக்கப் பொறுமை இல்லை. ஊசியைச் சுடவைத்து அந்த இடத்தை உள்ளே அழுத்தினார். அச்சு அசலாக ஒரு டூவீலர் உரசின ஒடுக்கு. அவருக்குத் தெரியாத ஒடுக்கா? அடுத்த காரில் பசை வழிந்து பானட் உருகியது. அதை மடித்து நேருக்கு நேர் மோதலாக மாற்றினார். சக்கரம் கோணலாக ஒட்டிக்கொண்டால் ஆக்ஸில் முறிந்த வண்டி. கைக்கு வந்த பிழையை எல்லாம் விபத்தாக மாற்றும் வித்தை அவருக்குக் கைவந்துவிட்டது. கண்ணாடி அலமாரி கொஞ்சம் கொஞ்சமாக ஒர்க்‌ஷாப்பின் பின்கட்டு மாதிரி ஆனது.

மனைவியின் தம்பி வரும்போதெல்லாம் அலமாரி முன்னால் நின்று, அக்கா புருஷனின் அலுத்த குரலை அப்படியே எடுத்து, "இது தேறாது, பாடி மாத்தணும், கையெழுத்து போடுங்க" என்பான். இதையெல்லாம் இழுத்துப்போக ஒரு டோயிங் வண்டியும் செய்து வைத்தால் குடும்பம் நிறைவாக இருக்கும் என்று யோசனையும் சொன்னான். அவர் சிரித்துவைப்பார்.

மனைவி சிரிக்க மாட்டாள். மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்துப் படித்துக் கண்ணும், நின்று நின்று காலும் ஓய்ந்து வருகிறவள். அவளிடம் ஒரு கதை இருந்தது. சொந்தக்காரர்கள் கூடினால் கட்டாயம் அதைச் சொல்லுவாள், நடித்தே காட்டுவாள்.

எட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மழைக்காலக் காலையில் கடைக்குப் போகும்போது, ஓரமாக நின்றிருந்த குப்பை லாரியின் பின்னால் அவள் தங்கள் வெள்ளைக் காரைக் கொண்டுபோய் மோதினாள். போன் செய்த கால் மணி நேரத்தில் இவர் டூவீலரில் வந்துவிட்டார். வந்தவர் நேராகக் காரின் இடது முன்பக்கத்துக்குப் போனார். குனிந்தார். சுற்றினார். நோட்டை எடுத்தார். பம்பர், மாற்ற வேண்டும். ஹெட்லைட், மாற்ற வேண்டும். ஃபெண்டர், தட்டி எடுக்கலாம். நாலாவது வரியில், தலையை நிமிர்த்தாமலே, ஓட்டியவருக்குக் காயம் இல்லை என்று எழுதினார். ஓட்டியவள் மூன்றடி தள்ளி, உடைந்த வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றிருந்தாள்.

இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். அவர் நடையை அவள் நடந்து காட்டினால் அவருக்கே சிரிப்பு வரும். ஆனால் கை கூடின பிறகும் அவள் ஸ்டியரிங் பிடிக்கவில்லை. காரைச் சரிசெய்து விற்றாயிற்று. கதை மட்டும் விற்கவில்லை.

பதினோராவது கார் அலமாரிக்குள் போன அன்று, துணி மடித்துக்கொண்டே அவள் கேட்டாள். "நம்ம வண்டிய செஞ்சு குடுங்களேன். அந்த வெள்ளை வண்டிய."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எட்டு வருஷத்தில் அவள் மேஜைப் பக்கம் திரும்பிப் பேசினது அதுதான் முதல் தடவை.

"ஆனா ஒண்ணு. ஒரு கீறல் இருக்கக் கூடாது. அடிபட்ட வண்டிய பாத்துப் பாத்து எனக்குச் சலிச்சுப் போச்சுங்க. முழுசா ஒண்ணு குடுங்க, நானும் அந்தக் கதைய விட்டுடறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பந்தயக் கார்களுக்கு எத்தனையோ பெட்டி கிடைக்கும். வீட்டுக் காருக்கு யார் செய்வார்கள்? ஹாபி கடைக்காரர் ஆறு வாரம் தேடி ஒரே ஒரு பெட்டி வரவழைத்தார். கம்பெனி இதை நிறுத்தி ரொம்ப நாள் ஆச்சு சார், கடைசிப் பெட்டி, பத்திரம் என்று கல்யாணப் பெண்ணை ஒப்படைக்கிற குரலில் கொடுத்தார்.

அந்த வருஷ மழை வேறு சேர்ந்துகொண்டது. பகல் முழுக்க வழுக்கின வண்டிகள். ஒரே நாளில் ஒன்பது பார்த்த நாளும் உண்டு. முழங்காலில் சேறோடு வந்து, கழுவித் துடைத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, பிறகுதான் அரத்தை எடுப்பார். தூசி விழுந்தால் திரும்பத் தேய்த்தார். பெயின்ட் ஆறு தடவை போதும். ஒன்பது தடவை அடித்தார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு பொறுமையை யாருக்கும் காட்டியதில்லை. ஐந்தாம் மாசம் கார் பளபளவென்று நின்றது, ஷோரூமிலிருந்து அன்றுதான் இறங்கினது போல. கண்ணாடிகளையும் பொருத்தியாயிற்று. உள்ளே மேலே தொங்கும் குட்டிக் கண்ணாடி ஒன்றுதான் பாக்கி, பின்னால் வருகிறவனைப் பார்ப்பதற்கானது. அரிசி அளவு இருக்கும்.

அதற்கு வெள்ளைப் பசைதான் போட வேண்டும். சூப்பர் க்ளூ கூடாது. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஓர் ஆவி கிளம்பும். மூடின இடத்தில் அது கண்ணாடி மேல் போய்ப் படியும். இந்தப் பொழுதுபோக்கில் முதல் வாரமே கற்றுக்கொள்கிற பாடம். அவருக்கும் தெரியும். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அந்த அரிசி நாலு தடவை விழுந்தது. இடுக்கியால் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை இறங்கிப் போயிற்று. ஐந்தாவது தடவை ஒரே ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. உடனே பிடித்துக்கொண்டது. அதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்பார். தூசி விழக்கூடாதே என்று காரை உடனே பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, நிம்மதியாகப் போய்ப் படுத்துவிட்டார்.

ஞாயிறு காலையில் பெட்டியைத் திறந்தார். முன்கண்ணாடி முழுக்க, உள்பக்கமாக, பால் தெளித்தது போல வெள்ளை.

துணியால் வெளியே தொட்டுப் பார்த்தார். போகாது என்று தெரிந்துதான் தொட்டார். உடலைக் கழற்றினாலும் அந்தச் சரிவுக்குள் விரல் நுழையாது. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். கை தானாகவே ஊசியைத் தேடிற்று. நடுவில் ஒரு குத்து, சுற்றி நாலு கீறல் போட்டால் போதும். லாரியிலிருந்து கல் தெறித்த கண்ணாடி. பத்து நிமிஷ வேலை. இதைவிட நன்றாக யாராலும் செய்ய முடியாது.

ஊசியை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் ஊசியை மேஜையில் போட்டுவிட்டுக் கூப்பிட்டார். "ஏம்மா, கொஞ்சம் இங்க வா. வண்டிய கெடுத்துட்டேன்."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். க்ளூ, ஆவி, பெட்டி என்று அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். முப்பது வருஷமாக அவர் எதிரில் நின்றவர்கள் யாரும் இப்படி ஒழுங்காகச் சொன்னதில்லை. அவள் அதைக் கேட்டாளா என்றே தெரியவில்லை. காரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கக் கண்ணாடி வழியாக, ஓட்டுகிறவள் பார்ப்பது போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.

"என்னைக்கு?"

"லாரில இடிச்ச அன்னைக்கு. உள்பக்கம் முழுக்க ஆவி. ஒரு கையால தொடச்சிட்டே ஓட்டினேன். கண்ணாடி ஆவியப் போக்குற ப்ளோயர் ஓடலன்னு மூணு வாரமா சொன்னேன் உங்ககிட்ட. ஞாயித்துக்கெழம பாக்கலாம்னீங்க."

அவர் வாய் பழக்கத்தில் பதில் சொன்னது. "நான் வந்தப்ப கண்ணாடி தெளிவாதானே இருந்துச்சு."

"கதவத் தொறந்துட்டு நான் வெளிய வந்துட்டேனே. ஆவி உக்காந்து உங்களுக்காகக் காத்துட்டு இருக்குமா?"

திருகினால் சத்தமே வராத அந்த ப்ளோயர் பொத்தான் இப்போது அவர் விரலுக்கு ஞாபகம் வந்தது. அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. மழைக்காலத்தில் ஊரார் வண்டிகளையெல்லாம் பார்த்துவிட்டு வந்து, சொந்த வண்டியைப் பார்க்கச் சோம்பல்பட்டார்.

"இன்சூரன்ஸ் ஃபாரத்துல காரணம்ங்கிற எடத்துல..." என்று ஆரம்பித்தார்.

"ஓட்டியவரின் கவனக்குறைவு. நீங்க எழுதினீங்க, நான் கையெழுத்து போட்டேன். எடது கையால."

இந்தப் பாதியை அவள் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. அவர் நடையை மட்டுமே நடித்துக் காட்டியிருக்கிறாள்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க கேக்கலையே" என்றாள். கோபம் இல்லை. அலுப்புதான்.

வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், கிளம்பவில்லை. அவர் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கவனக்குறைவு என்னோடதுதான்."

அவள் காரை மேஜையில் வைத்தாள். இதைச் சரிபண்ண முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றாள். அவர் உள்ளதைச் சொன்னார். கண்ணாடியை அறுத்து வெளியே எடுத்து உள்பக்கம் தேய்த்தால் வெள்ளை போகலாம். எடுக்கும்போது உடையலாம். வேறு கண்ணாடி உலகத்திலேயே கிடைக்காது.

"உடைஞ்சா?"

"உடைஞ்சா உடைஞ்சதுதான். விபத்துன்னு சொல்ல மாட்டேன்."

அவள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். காரின் உடலைக் கழற்றி அவளிடம் கொடுத்து, இரண்டு விரலால் இப்படிப் பிடி, அழுத்தாதே என்றார். மணிக்கட்டு வலிக்குமா என்று கேட்டார். மழைக்கு எப்பவும் வலிக்கும், நீங்கள் அறுங்கள் என்றாள். மெல்லிய கத்தியை விளிம்போடு விளிம்பாக ஓட்டினார். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கண்ணாடி கையோடு வந்தது. இடது மேல்மூலையில் நகக்கண் அளவு சில்லு பெயர்ந்திருந்தது.

"மூலை போச்சு" என்றார்.

"பாத்தேன்" என்றாள்.

அவர் பாலிஷைத் துணியில் தொட்டு, கண்ணாடியின் உள்பக்கத்தைச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தார். வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது. நடுவில் ஒரு இடம் தெளிந்ததும் அவளுக்குக் காட்டலாம் என்று தலையைத் தூக்கினார்.

அவள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். வாரம் முழுக்க நின்ற கால்கள் மேஜைக்கடியில் நீண்டிருந்தன. கார் இன்னமும் அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில்தான் இருந்தது. விரல்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருந்தன. எடுத்தால் விழித்துக்கொள்வாள். எடுக்காவிட்டால் விழும்.

அவர் துணியைக் கீழே வைத்தார். மேஜைக்கு மேலாகக் குனிந்து, உள்ளங்கையை அவள் கைக்குக் கீழே ஏந்தி வைத்துக்கொண்டார். இரண்டு நிமிஷத்தில் முழங்கை கடுக்கத் தொடங்கியது. மாற்றுவதற்கு இன்னொரு கை இருந்தது, அதில் கண்ணாடி இருந்தது. அப்படியே இருந்தார்.