நேவியா, மெர்ச்சன்ட் நேவியா?

அடுத்தவர் ஆசையைக் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக அடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். மட்டாஞ்சேரி படகு ஜெட்டியிலிருந்து ஜூ டவுனுக்குத் திரும்பும் இடத்தில், ஒரு சுக்குக் கிடங்கை ஒட்டி என் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வாடிக்கையாளருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வேலைக்கு விண்ணப்பம், ரேஷன் கார்டில் பேர் சேர்த்தல், பாஸ்போர்ட், பென்ஷன் எல்லாம் உண்டு. நீங்களும் எங்கேயாவது ஒரு கவுண்டரில் ஆதார் அட்டையும் இரண்டு போட்டோவுமாக நின்று, "சர்வர் கிடைக்கலை, நாளைக்கு வாங்க" என்று கேட்டுத் திரும்பியவர்தானே? அப்படியானால் நாம் ஒரே கட்சி. அந்த வார்த்தையைச் சொல்கிறவளுக்கும் வயிறு எரியும் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து கொச்சிக்குத் துப்புரவு வேலைக்கு வந்தவர். நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்தை அப்பா வாங்கிவரும் வாரப் பத்திரிகைகளில் கூட்டிக் கூட்டிப் படித்தேன். இங்கிலீஷும் சேர்த்து மூன்று பாஷை தெரியும் என்பதால் இங்குள்ள நம்ம தமிழ் ஆட்கள் பெரும்பாலும் என்னிடம்தான் வருவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. என் வீட்டுக்காரர் சேகர், சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்க்கிறார். ஒருமுறை ஏறினால் இறங்க ஒன்பது மாதம். இந்த ஊரில் கப்பலில் போகிற எல்லோருக்கும் ஒரே பேர்தான், நேவி. துப்பாக்கி பிடிக்கிறவரும் நேவி, ஸ்பானர் பிடிக்கிறவரும் நேவி. அதனால் நான் 'நேவி கலா'. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு என் கவுண்டருக்கு வந்தவர்கள் நிறையப் பேர். சிலரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வெள்ளைத் துணி

தாசன் அண்ணனுக்கு இடக்கொச்சியில் ஐஸ் கம்பெனியில் வேலை. மனைவி ரெஜினா குவைத்தில் ஒரு வீட்டில் சமையலுக்குப் போய் மூன்று வருடமாகிறது. மகளுடைய பள்ளிக்கூடத்திலிருந்து வரும் காகிதங்களை முன்பெல்லாம் ரெஜினாதான் வாசிப்பாள். அவள் போன பிறகு அண்ணன் அவற்றை என்னிடம் கொண்டுவருவார். ஒருதடவை எனக்குச் சிரமம் கொடுக்க வேண்டாமென்று தானே எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டார். சீருடைக்குச் சட்டை வெள்ளை, பாவாடை நேவி என்று அதில் போட்டிருந்தது. நேரே போய் இரண்டுக்கும் சேர்த்து வெள்ளைத் துணியாகவே வெட்டி வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார், பாவாடைக்கு எத்தனை மடிப்பு என்று அதில் எழுதியிருக்கிறதா என்று கேட்க.

"அண்ணே, நேவின்னா இங்க கலரு. கறுப்புக்குப் பக்கத்துல ஒரு நீலம்" என்றேன். அவர் நம்பவில்லை. "ஜெட்டியில நான் பாத்த நேவிக்காரன் எல்லாம் வெள்ளைதானே உடுக்குறான்?" என்றார். ஏதோ ஒரு காலத்தில் இங்கிலீஷ்காரர்களுடைய நேவி அந்த நீலத்தை உடுத்தியதாம், பேர் நிறத்தோடு ஒட்டிக்கொண்டதாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

பிறகு ரெஜினாவுக்கு வீடியோ கால் போட்டு, துணியைப் போனுக்கு முன்னால் விரித்துக் காட்டி, நடந்ததைச் சொன்னார். அவள் எங்கோ ஓர் அடுக்களையில் நின்றுகொண்டு, சத்தம் வெளியே கேட்காமலிருக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. யாரோ கூப்பிட, சட்டென்று வைத்துவிட்டாள். துணியை மாற்றித் தருவார்களா என்று கடையில் கேட்கட்டுமா என்றேன். அண்ணன் அதை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம் கலா, இருக்கட்டும். அவ சிரிச்சுப் பாத்து ரெண்டு மாசமாச்சு."

ஜைனப் அக்கா என்னைப் பார்த்தது

ஜைனப் அக்கா எங்கள் தெருக்காரர். பாலக்காட்டிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட ராவுத்தர் குடும்பம். வீட்டுக்காரர் சாயாக்கடை வைத்திருக்கிறார். மகள் ஷிபாவுக்கு ஒரு வரன் வந்தது. பையனுடைய பயோடேட்டாவை என்னிடம் நீட்டி, "மாப்பிள்ளை நேவியாம், நீ வாசிச்சுச் சொல்லு, உனக்குத்தானே அந்த வழக்கம் தெரியும்" என்றார். நேவி என்று பெரிதாகத்தான் போட்டிருந்தது. கீழே வேலை செய்யும் இடத்தைப் பார்த்தால், எண்ணெய்க் கப்பல் கம்பெனி ஒன்றின் பேர். "அக்கா, இது மெர்ச்சன்ட் நேவி. சரக்குக் கப்பல் வேலை, என் வீட்டுக்காரர் மாதிரி. பொய்யில்லை, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நல்ல வேலைதான்" என்றேன்.

"சண்டைக்குப் போக வேண்டாமே, அப்ப நல்லதுதான்" என்று அக்கா சந்தோஷப்பட்டார். அப்புறம், ஒருதடவை போனால் எத்தனை மாதம் என்று கேட்டார். சொன்னேன். புள்ளை பிறக்கிற சமயத்தில் வரமுடியுமா என்றார். கப்பல் எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்தது என்றேன். எங்கள் மகள் அஞ்சு பிறந்து ஐந்தாம் மாதம்தான் சேகர் அவளைத் தூக்கினார் என்பதைச் சொல்லவில்லை. "உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கடைசியில் கேட்டார். "பழகிடும் அக்கா" என்று சொல்லிச் சிரித்தேன்.

ஒரு வாரம் கழித்து, ரேஷன் கார்டு விஷயமாக வந்தபோது வரன் என்னவாயிற்று என்று கேட்டேன். வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். நல்ல பையன் ஆயிற்றே, நான் ஒன்றும் குறைவாகச் சொல்லவில்லையே என்று எனக்குப் பதறிவிட்டது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நல்லதாத்தான்மா சொன்னே. பழகிடும்னு சொன்னப்போ நான் உன் மொகத்தைப் பாத்தேன்."

ஓர் எழுத்து

இது நான் கடை வைத்த புதிதில் நடந்தது. சரோஜா அக்காவின் வீட்டுக்காரர் கடற்படைத் தளமான நேவல் பேஸில் சமையல் வேலை பார்த்தவர். சீருடைக்காரர் இல்லை, வெறும் சமையல்காரர். முப்பது வருடம் காலையில் போட்டில் போய் சாயங்காலம் போட்டில் வந்தவர், ரிட்டயர் ஆன வருடமே போய்விட்டார். இத்தனை வருடத்தில் அவர் வேலை செய்த இடத்தை அக்கா ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. உள்ளே யாரையும் விடமாட்டார்கள். "அவர் நின்னு சமைச்ச அடுப்படியை மட்டும் ஒரு தடவை பாக்கணும். எழுதிக் கேட்டா விடுவாங்களா?" என்றார். எழுதித்தான் பார்ப்போமே என்று இங்கிலீஷில் ஒரு மனு அடித்துக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து, மனுவில் போட்டிருந்த கடை நம்பருக்கு ஒரு பெண் அதிகாரி கூப்பிட்டார். அனுமதி கிடைத்திருக்கிறது, இன்ன தேதியில் வரச் சொல்லுங்கள் என்றார். வைப்பதற்கு முன்னால், "ஒரு விஷயம். நேவல் என்பதற்கு நீங்கள் நாலு இடத்திலும் ஒரே எழுத்தை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். அப்படி எழுதினால் தொப்புள் என்று அர்த்தம். எங்கள் ஆபீஸே இரண்டு நாளாகச் சிரிக்கிறது" என்று மலையாளத்தில் மரியாதையாகச் சொன்னார். எனக்கு அந்த நாற்காலிக்கு அடியிலேயே போய்விடலாம் போலிருந்தது. தொப்புள் தளத்தில் முப்பது வருடம் சமைத்தவரின் மனைவி என்று அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

அக்கா போய்ப் பார்த்துவிட்டு, அப்படியே கடைக்கு வந்தார். அடுப்பெல்லாம் மாற்றிவிட்டார்களாம். ஆனால் ஜன்னல் பழையதுதானாம். அந்த ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் தெரிகிறது, போட் போகிறது என்று வீட்டுக்காரர் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததாம். நான் என் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"தொப்புளோ என்னமோ, அந்த ஜன்னல்கிட்ட அஞ்சு நிமிஷம் நின்னுட்டேன் கலா. அது போதும்."

பதினெட்டு நாள்

நிஷா சுமைதூக்கும் ஒருவரின் மகள். நேவியில் பெண்களையும் எடுக்கிறார்கள் என்று கேட்ட நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. ஃபோர்ட் கொச்சியில் சாம்பல் நிறக் கப்பல்கள் காயல் கடலோடு சேரும் அழிமுகம் வழியாக உள்ளே நுழைவதைப் பார்த்து வளர்ந்த பெண். விடியற்காலையில் கடற்கரையில் ஓடுவாள். கலூரில் ஒரு பயிற்சி வகுப்புக்கு ஒரு வருடம் பஸ் ஏறிப் போனாள். எல்லாப் பரீட்சைக்கும் தயாரான பிறகுதான் விண்ணப்பிப்பேன் என்று முந்தின தடவை விட்டுவிட்டாள். இந்தத் தடவை அறிவிப்பு வந்த அன்றே, அம்மாவைக் கூட்டிக்கொண்டு, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

பேர், அப்பா பேர், உயரம் எல்லாம் அடித்தேன். பிறந்த தேதியை அடித்ததும் கட்டம் சிவப்பாகிவிட்டது. திரும்ப அடித்தேன், திரும்பச் சிவப்பு. அறிவிப்பை முழுக்கத் திறந்து படித்தோம். வயது வரம்புத் தேதியை இந்தத் தடவை தள்ளி வைத்திருந்தார்கள். அவள் பழைய கணக்கில் இருந்திருக்கிறாள். பதினெட்டு நாள் வயது கூடிவிட்டது. இந்த வேலையில் எனக்குப் பிடிக்காதது அந்தச் சிவப்பு. அது யாரிடமும் காரணம் கேட்காது, நாமும் கேட்க முடியாது. நிஷா அழவில்லை. சான்றிதழ்களை ஒவ்வொன்றாக உறைக்குள் திரும்ப வைத்தாள். அவளுடைய அம்மாதான் ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிஷா அவர் தோளில் சாய்ந்துகொண்டு, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"பதினெட்டு நாள்தான்மா. இன்னும் கொஞ்சம் உன் வயித்துலேயே வச்சிருந்திருக்கலாம்ல?"

இப்போது அவள் தண்ணீர்ப் போக்குவரத்தில் படகு ஓட்டப் படித்துக்கொண்டிருக்கிறாள். அதற்கும் நான்தான் ஃபார்ம் அடித்தேன்.

மேடை

எங்கள் அஞ்சு நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கடற்படை நாள் கொண்டாடினார்கள். நேவிக்காரர்களின் பிள்ளைகள் மேடைக்கு வாருங்கள், பூங்கொத்து தருகிறோம் என்று கூப்பிட்டதும் ஐந்தாறு பிள்ளைகள் ஏறியிருக்கிறார்கள். கூடவே அஞ்சுவும். இதை அவள் வீட்டில் சொல்லவே இல்லை. மார்க் அட்டை வாங்கப் போன அன்று டீச்சர்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வரிசையில் அவளைப் பார்த்ததும் அருகில் போய், யாருக்கும் கேட்காமல், "மோளே, உன் அப்பா மெர்ச்சன்ட் நேவியில்லையா? அது வேற, இது வேற" என்றாராம். அஞ்சு வரிசையை விட்டு இறங்காமல் அவரை நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். டீச்சர் உடனே ஒரு பூங்கொத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டாராம். அவள் கேட்டது இவ்வளவுதான்.

"ரெண்டு நேவியிலயும் அப்பா வீட்டுல இருக்க மாட்டாங்கதானே டீச்சர்?"

பிளாஸ்டிக் நாற்காலியில் என் வீட்டுக்காரர்

சேகர் இப்போது கப்பலில்தான். ஏறி நாலாம் மாதம் நடக்கிறது. போவதற்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். லீவு முடிகிற சமயத்தில் புதுக் கப்பலுக்கான ஃபார்மை ஆன்லைனில் கொடுக்க வேண்டியிருந்தது. கப்பல் புத்தகம், பாஸ்போர்ட், மெடிக்கல் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து, வெளியே காத்திருந்த இரண்டு பேர் முடியும்வரை நின்று, அப்புறம்தான் உட்கார்ந்தார். நான் பழக்கதோஷத்தில் "முழுப் பேர்?" என்று கேட்டேன். அவரும் சிரிக்காமல் இனிஷியலோடு சொன்னார்.

மட்டாஞ்சேரியில் என் கை வேகத்துக்கு ஆளில்லை என்று சொல்வார்கள். கண் ஸ்கிரீனில் இருக்கும், கை அதுபாட்டுக்கு ஓடும். ஏறுகிற துறைமுகம், எஞ்சின் ரூமில் எத்தனை வருடம், கடைசியாக இறங்கிய தேதி என்று போய்க்கொண்டே இருந்தது. ஆபத்து நேர்ந்தால் தகவல் சொல்ல வேண்டிய நெருங்கிய உறவு என்ற இடத்தில், அவரைக் கேட்காமலேயே என் பேரையும் என் நம்பரையும் அடித்தேன். இந்தத் தடவை போகாதீங்க என்று அந்த லீவு முழுக்கச் சொல்ல நினைத்திருந்தேன். சமைக்கும்போது நினைத்தேன், அஞ்சுவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்பும்போது நினைத்தேன். சொல்லவில்லை. சொன்னால் இருந்துவிடுவார் என்று பயம், சொல்லியும் போனால் அது இன்னும் பயம். கடைசிப் பக்கம் வந்தது. இன்னும் இரண்டு கட்டம்தான். அப்போது அவர் கையை நீட்டி கீபோர்டின் ஓரத்தில் வைத்தார்.

"கொஞ்சம் மெல்ல அடி கலா. அதுக்குள்ள என்ன அவசரம்?"

நேவி என்றால் கடற்படை என்று அகராதியில் ஒற்றை வரியில் எழுதி முடித்தவர் கெட்டிக்காரராகத்தான் இருக்க வேண்டும், ஆனால் அவர் வீட்டில் யாரும் கப்பலில் போகவில்லை போலிருக்கிறது.