ருக்மணி வைத்த விருந்து

காஜா பெராங்கில் சோற்றுக்கடை நடத்திய ருக்மணிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரே சொல்லும். நாடு சுதந்திரம் அடைந்த மறுவருஷம் அந்த வாய் இல்லாவிட்டால் ஊர் நாறியே போயிருக்கும்.

கடை வாசலில் ஓடிய லோங்காங், அதாவது சாக்கடை, மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்தது. சுகாதார அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, இது சுத்தமாகாவிட்டால் கடை லைசென்ஸ் ரத்து என்று சொல்லிவிட்டுப் போனார். சாக்கடை நகராட்சியுடையது, தண்டனை மட்டும் ருக்மணிக்கு. கடை போனால் அந்த விதவை இரண்டு பெண்களோடு தெருவில்தான் நிற்க வேண்டும்.

வட்டார நகராட்சி உறுப்பினர் ராஜரத்தினமோ ஓட்டு வாங்கிய பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அடுத்த தேர்தல் நெருங்கியதும் ருக்மணி அவரை விருந்துக்கு அழைத்தாள். மனிதர் வாயெல்லாம் பல்லாக வந்தார். பந்தியில் முதல் இலை அவருக்கு. அதைச் சாக்கடையை ஒட்டிப் போட்டிருந்தாள். மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்குமுன் பந்தியிலிருந்து எழுவது மரியாதையில்லையே! அக்கம்பக்கத்தார் வேண்டுமென்றே ஒவ்வொரு பருக்கையாக ரசித்துச் சாப்பிட்டார்கள்.

"என்னம்மா, இப்படி நாறுது?"

"நாங்க தினம் இதுலதாங்க சாப்பிடுறோம். ஏன் யாரும் வந்து அள்ளல?"

"நான் என்ன பண்றது? நகராட்சிக் கூலிங்க எல்லாம் சோம்பேறிப் பயலுங்க."

அங்கேதான் மாட்டிக்கொண்டார். எதிர் வரிசையில் ருக்மணி அழைத்து உட்கார வைத்திருந்தவர்களே சாக்கடை அள்ளும் அந்த நகராட்சிக் கூலிகள். அவர்கள் முகத்தை அவர் ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அவர்களுடைய மேஸ்திரி தேவதாஸ் நிமிர்ந்தார்.

"நாங்க சோம்பேறி இல்லீங்க ஐயா. கிளேபாங்குல உங்க தென்னந்தோட்டத்துக்கு வேலி கட்டத்தானே எங்கள அனுப்பி வெச்சீங்க? இன்னும் முடியலீங்க."

ராஜரத்தினம் பாதிச் சோற்றோடு இலையை மூடினார்.

மறுநாளே சாக்கடை ஓடியது, லைசென்ஸும் தப்பியது. உறுப்பினரின் கையாள் கலியாணசுந்தரம் கடைக்கு வந்து, "ஐயா செஞ்ச உதவிய மறக்காம ஓட்டப் போடுங்கம்மா" என்றார்.

"உதவியா? அது அவரு வேலைண்ணே. அதையும் விருந்து வெச்சுல்ல வாங்க வேண்டியிருந்துச்சு" என்றாள் ருக்மணி.

தேர்தலில் ராஜரத்தினம் மண்ணைக் கவ்வினார். ருக்மணிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வென்ற இளைஞர் மாலையும் கழுத்துமாக நன்றி சொல்ல வந்து, கையெடுத்துக் கும்பிட்டார்.

ருக்மணியும் கும்பிட்டாள். "சந்தோஷம் தம்பி. மாலையக் கழட்டி வெச்சிட்டு வாங்க, பின்சந்துல விளக்கு எரியல."