இடது பக்கத்து மானிட்டர்

கலைமதி வீடியோ கேம் ஆடுகிறாள் என்ற செய்தி தேவர்சோலைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் லயன் வரிசை வீடுகளில் பரவியபோது பாதிப்பேர் நம்பவில்லை, மீதிப்பேர் நம்பிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். முப்பது தாண்டிய பொம்பளை, நேற்றுவரை பள்ளிக்கூட ஜீப் ஓட்டியவள், வீட்டுக் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு அந்த இடத்தில் ஸ்டீரிங்கும் பெடலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் எதற்காக அப்படி உட்கார்ந்தாள் என்று ஒரு ஆளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் எரிச்சல்.

விஷயம் இதுதான். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், மேல் டிவிஷன் பிள்ளைகளை அவரவர் வீட்டில் விட்டுவிட்டு வெறும் ஜீப்போடு இறங்கிக்கொண்டிருந்தாள். குருசடி வளைவில் கொழுந்து லாரி ஒன்று ஏறி வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும். இதை யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை, ஜீப்பில் ஏறிய முதல் நாளே தெரிந்துவிடும். கலைமதியும் ஒழுங்காக இடதுபக்கம் ஓரங்கட்டி நின்றாள். அவள் நின்றாள், அடியில் இருந்த மண் நிற்கவில்லை. மழையில் ஊறிப்போன விளிம்பு அப்படியே சரிந்து, ஜீப் சாய்ந்து தேயிலைச் செடிகளின் மேல் படுத்துக்கொண்டது. நல்லவேளை, செடி தாங்கிப் பிடித்தது. காறை எலும்பு முறிந்ததோடு போயிற்று.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் கை பழைய கையாக இல்லை. ஜீப்பின் சொந்தக்காரர் அம்புரோஸ், தன் இன்னொரு ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டச் சொன்னார். மைதானத்தில் ஓட்டினாள், பஜார் நெரிசலில் ஓட்டினாள், ஒரு குறையும் இல்லை. குருசடி வளைவில் எதிரே ஒரு ஆட்டோ ஏறி வந்ததும், இடதுபக்கம் ஒதுங்க வேண்டியவள் வெடுக்கென்று வலதுபக்கம் ஒடித்தாள். நேரே ஆட்டோவின் மூக்கை நோக்கி. அம்புரோஸ் எட்டிப் பிடித்து ஸ்டீரிங்கைத் திருப்பாவிட்டால் ஆட்டோக்காரர் அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்திருக்கமாட்டார்.

"கலை, உன்னையாட்ட டிரைவரு எனக்குக் கெடைக்காது, அது மாதாவுக்கே தெரியும்" என்றார் அம்புரோஸ், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே. "ஆனா புள்ளைங்கள ஏத்திட்டு இப்படி ஒடிச்சீன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? ஜூன்ல ஸ்கூல் தெறக்கறவரைக்கும் வேற ஆளு போடமாட்டேன். அதுக்குள்ள கை சரியாச்சுன்னா வா. இல்லீன்னா என்மேல கோவிச்சுக்காத."

கோவித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவர் சொன்னது நியாயம். ஆனால் அந்த சீட்டு அவளுக்குச் சும்மா கிடைத்ததல்ல. லயனில் பிறந்த பெண் பையைத் தோளில் மாட்டிக் கொழுந்து பறிக்கப் போவாள் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தபோது, "எனக்கு வண்டிதானுங்க" என்று ஒற்றைக்காலில் நின்று, லைசென்சும் பேட்ஜும் வாங்கி உட்கார்ந்த சீட்டு. கொழுந்து பறிப்பது மட்டமான வேலை என்று அவள் நினைக்கவில்லை. அது அவள் வேலை இல்லை, அவ்வளவுதான்.

செல்போனுக்கு டிஸ்ப்ளே மாற்றக் கூடலூர் போயிருந்தபோதுதான் வழி கண்ணில் பட்டது. மலையாளிக் கடைக்காரன் டெனின், போனைக் கழற்றிப் பசை காய வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் கேம் ஆடிக்கொண்டிருந்தான். மலைரோடு, வளைவு, எதிரே லாரி. பார்த்துக்கொண்டு சும்மா நின்ற கலைமதியின் கைகள் தன்னால் வலதுபக்கம் வெட்டின. கையிலிருந்த டீ மேசையெல்லாம் கொட்டியது.

"அய்யோ சேச்சி, சுட்டுச்சா?"

அவள் டீயைப் பார்க்கவே இல்லை. திரையைப் பார்த்தாள். படமே இவ்வளவு பயமுறுத்துகிறது என்றால், அந்தப் பயத்தைப் படத்திலேயே வைத்து அடித்துவிடலாமே. இங்கே லாரிமேல் மோதினால் யாரும் சாகப்போவதில்லை. ஆயிரம் தடவை மோதலாம். "தம்பி, இது எனக்கு வேணும்" என்றாள்.

கணவன் வசந்தகுமார் டீ பேக்டரியில் வேலை பார்ப்பவன், அதிர்ந்து பேசாதவன். "ஏனுங்கம்மிணி, பயம் போறதுக்கு கேமா?" என்று மட்டும் கேட்டான். "போகலீன்னா கேமை வித்துப்போடலாம். சீட்டு போச்சுன்னா எங்க போய் வாங்கறது?" என்றாள். அவன் கட்டிலின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கி வெளியே வைத்தான்.

முதல் கோணல் வீட்டு டிவியால் வந்தது. இருப்பதே பெரிய திரைதானே, எதற்கு இன்னொன்று என்று டெனினின் பழைய கம்ப்யூட்டரை அதில் மாட்டினார்கள். ஸ்டீரிங்கைத் திருப்பினால் ரோடு ஒரு கண்சிமிட்டல் தாமதித்துத் திரும்பியது. அந்தச் சின்னத் தாமதம் போதும், அரைமணி நேரத்தில் குமட்டிக்கொண்டு வந்து வாசலுக்கு ஓடினாள். "டிவி படத்தைப் பளபளன்னு ஆக்கிட்டு அப்புறமாத்தான் காட்டும் சேச்சி. செட்டிங்ல குறைக்கலாம், இந்த டிவியில அந்த வசதி இல்ல. கேமுக்கு மானிட்டர்தான்" என்றான் டெனின். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அடுத்து ஸ்டீரிங். அவன் எடுத்து வைத்த முதலாவது, முக்கால் சுற்றிலேயே முட்டிக்கொண்டு நின்றது. "இது ராட்டினத்துல குழந்தைங்க திருப்பறது. ஜீப்பு ஸ்டீரிங்கு ரெண்டு மூணு சுத்து போகோணும், கையை எதுத்துத் தள்ளோணும்" என்று திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து பழைய செட் ஒன்று வரவழைத்தார்கள். உள்ளே மோட்டார் வைத்தது. ரோட்டில் குழி வந்தால் கையில் உதறும், டயர் வழுக்கினால் கையில் தெரியும். பெடல் மூன்று, கிளட்சோடு. கியர் லிவர் தனியாக. உட்காருவதற்கு, கவிழ்ந்த ஜீப்பின் டிரைவர் சீட்டையே அம்புரோஸிடம் கேட்டு வாங்கி வந்து பலகையில் அறைந்தாள். இவளுக்கு மூளை கீளை குழம்பிவிட்டதோ என்று அவர் பயந்தது உண்மை.

மானிட்டரில்தான் பெரிய சண்டை. டெனின், வில்லாக வளைந்த அகலமான ஒன்றைக் காட்டி, ஏதோ சாமி சிலையைத் திறந்து வைப்பதுபோல் துணியை விலக்கினான். "இதைப் பாத்தா வேற எதையும் பாக்கமாட்டீங்க. நூத்தி நாப்பத்திநாலு ஹெர்ட்ஸ், படம் வெண்ணெய் மாதிரி ஓடும்."

கலைமதி எதிரே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. மிக நன்றாக இருந்தது. அதுதான் கோளாறு.

"இதுல இடது கண்ணாடி எங்க?"

"அதோ, அந்த மூலையில."

"இதுக்குக் கண்ணை மட்டும் திருப்புனாப் போதும் தம்பி. ஜீப்புல தலையைத் திருப்போணும். தலையைத் திருப்பி அந்த விளிம்பைப் பாக்கறப்பத்தான் எனக்குக் கை ஒடியுது. தலை திரும்பாத மானிட்டரு எனக்கு எதுக்கு?"

நடுவில் ஒன்று, பக்கத்துக்கொன்று என்று மூன்று வேண்டும் என்றாள். டெனின் சிரித்துவிட்டான். மூன்றைச் சேர்த்து வைத்தால் நடுநடுவே கறுப்புச் சட்டம் வரும், ரோட்டைத் துண்டு போட்டமாதிரி இருக்கும், கேமர்கள் யாரும் இப்போது அப்படி வாங்குவதில்லை என்றான்.

"ஜீப்புல முன்கண்ணாடிக்குப் பக்கத்துல கம்பி இருக்குதுல்ல? அதுக்குப் பின்னாடிதான் லாரி ஒளிஞ்சிருக்கும். இருக்கட்டும் அந்தச் சட்டம்."

"ஹெர்ட்ஸாவது நல்லதா..."

"நான் போறதே ரெண்டாவது கியர்ல. அதுக்கு எதுக்கு வெண்ணெய்?"

ஏதோ ஆபீசில் கழித்துப் போட்ட மூன்று மானிட்டர்கள் அமைந்தன, மூன்றும் ஒரே அளவு. முகம் தெரியும் பளபளப்புத் திரையாக இல்லாமல் மங்கல் திரை. லயன் வீட்டில் ஒரே வாசல், வெளிச்சம் எல்லாம் அந்த வழியாகத்தான் வந்து திரையில் அடிக்கும் என்பதையும் அவள் யோசித்து வைத்திருந்தாள். மூன்றுக்கும் ஈடுகொடுக்கிற கிராபிக்ஸ் கார்டு ஒன்றை டெனின் கம்ப்யூட்டருக்குள் சொருகிக் கொடுத்தான். இடதுபக்கத்து மானிட்டரை மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தாள். சக்கரமும் விளிம்பும் தெரியும் உயரத்துக்கு.

ஹெட்போன் கொடுத்தான், வேண்டாம் என்றுவிட்டாள். காதை மூடிக்கொண்டு மலையில் வண்டி ஓட்டுகிறவன் உருப்படுவானா? வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்க வேண்டும், எதிர் ஹாரனைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆகவே ஸ்பீக்கர். ஸ்டீரிங்கின் ஒரு பொத்தானை ஹாரனுக்கு வைத்துக்கொண்டாள். கேமில் மலை முடிகிறவரை வளைவு, வளைவுக்கெல்லாம் ஹாரன், லயன் வீட்டுக்கோ பொதுச்சுவர்.

பக்கத்து வீட்டு ஆயம்மாள் கொழுந்து பறிப்பவள், மனதில் பட்டதை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறவள். முதல் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் சுவரை ஓங்கித் தட்டினாள். "வழி உட்டாச்சு, போ புள்ள!"

லயனே கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. இந்தப் பக்கம் ஹாரன், அந்தப் பக்கம் "வழி உட்டாச்சு, போ புள்ள!" நாளாக ஆக, அடுத்தடுத்த வீட்டுக்காரிகளும் சேர்ந்துகொண்டார்கள். கலைமதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

இணையத்தில் கூட்டமாக லாரி ஓட்டுகிற குழு ஒன்றில் டெனின் அவளைச் சேர்த்துவிட்டான். அங்கே போயும் மலைச்சட்டம்! இறக்கத்தில், ஏறி வந்த வண்டிக்கு வழிவிட்டு நிறுத்தினாள். பின்னால் வந்த அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் மோதி மலைபோல் குவிந்தார்கள். "யாருடா நடு ரோட்டுல நிக்கறது?" என்று ஒருவன் கத்த, "ஏர்ற வண்டிக்கு வழி உடோணும், ஊட்டுல சொல்லிக் கொடுக்கலையா?" என்று இவள் மைக்கில் அதட்ட, மறு நிமிடமே குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

"போகட்டும் சேச்சி, லாரியை நான் ஓட்டறேன்" என்றான் டெனின். கடையில் கூட்டம் குறைகிற நேரமெல்லாம் அவன் அங்கிருந்து லாரியை மலையேற்றுவான், இவள் இங்கிருந்து இறங்குவாள். வளைவில் சந்திப்பார்கள். சந்திப்பது என்ன சந்திப்பது, இவள் வெடுக்கென்று வலதுபக்கம் ஒடித்து அவன்மேல் மோதுவாள். போனில், "மறுபடியும்" என்பாள். மறுபடியும் மோதுவாள். தோளில் பழைய முறிவு வலிக்கும். உள்ளங்கை வேர்த்து ஸ்டீரிங் வழுக்கும். ஒருநாள் அழுகையே வந்துவிட்டது. மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "மறுபடியும் வா தம்பி" என்றாள். பங்குனி போய், சித்திரையும் வந்தது. டெனினின் லாரி எத்தனை தடவை நசுங்கியது என்று அவனுக்கே கணக்கில்லை.

ஒரு பிற்பகல், லாரி மூக்கை நீட்டியதும் கலைமதி தலையை இடதுபக்கம் திருப்பினாள். தாழ்த்தி வைத்த மானிட்டரில் விளிம்பு தெரிந்தது. கை வலதுபக்கம் இழுத்தது. இழுத்த கையை இன்னொரு கையால் அடக்கி இடதுபக்கம் திருப்பி, விளிம்புக்கு உள்ளே நின்றாள். லாரி உரசாமல் ஏறிப் போனது.

"சேச்சி?" என்றான் டெனின் போனில். "மோதலையே!"

"மறுபடியும் வா" என்றாள் கலைமதி.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை, தூறல் பிடித்திருந்தது. அம்புரோஸ் இடதுபக்க சீட்டில், அதாவது பள்ளத்துப் பக்கம், ஜெபமாலையோடு உட்கார்ந்தார். கலைமதி மேல் டிவிஷனிலிருந்து ஜீப்பை இறக்கினாள். குருசடி வளைவு வந்தது. ஹாரன் அடித்தாள். எதிர் ஹாரன் இல்லை. மழை இரைச்சலில் காதில் விழாமலும் இருந்திருக்கலாம்.

வளைவுக்கு மேல் சரிவில் பிளாஸ்டிக் தாள் போர்த்திக்கொண்டு கொழுந்து பறிக்கிற பெண்கள் நின்றிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கீழ் ரோடு முழுக்கத் தெரியும். அங்கிருந்துதான் ஒரு குரல் பாய்ந்தது. "அம்மிணீ, நில்லு! லாரி ஏறுது!"

முன்கண்ணாடிக் கம்பிக்குப் பின்னாலிருந்து லாரி வெளியே வந்தது. அம்புரோஸின் கை ஸ்டீரிங்குக்கு நீண்டது. "தொடாதீங்க அண்ணா" என்றாள். தலையை இடதுபக்கம் திருப்பினாள். சக்கரம் தெரிந்தது, விளிம்பு தெரிந்தது, ஈரமண்ணுக்கு இந்தப் பக்கம் கல் பாவிய இடமும் தெரிந்தது. கை வலதுபக்கம் போகத் துடித்தது. துடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, கல் பாவிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். லாரி பக்கத்தை நிறைத்துக்கொண்டு ஏறிப் போனது. மண் சரியவில்லை.

ஆனால் வண்டியை எடுக்க முடியவில்லை. ரோடு காலியாகக் கிடந்தது. கால் கிளட்சை அழுத்தியபடி மரத்துப்போயிருந்தது, கண்ணில் நீர் முட்டி எதிரே எதுவும் தெரியவில்லை. அம்புரோஸின் விரலில் ஜெபமாலை மணி உருளாமல் நின்றிருந்தது.

அப்போது சரிவிலிருந்து, பொதுச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டுக் கேட்டுப் பழகிய அந்தக் குரல், தொண்டை கிழியக் கத்தியது. "வழி உட்டாச்சு, போ புள்ள!"

ஆயம்மாள் பையை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் சரிவு முழுக்க ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. எல்லாம் அவள் லயன் பெண்கள்தான். "வழி உட்டாச்சு, போ புள்ள! போ புள்ள!"

கலைமதி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹாரனை நீளமாக ஒரு தடவை அடித்தாள். இரண்டாவது கியரைப் போட்டு, வளைவைத் தாண்டி இறங்கினாள்.

"திங்கக்கிழமை நேரத்துல வந்துரு, புள்ளைங்க மழையில நிக்கும்" என்றார் அம்புரோஸ்.