சொல்லிப்போட்டு எடுத்துக்குங்க

கொடுத்தவர் கையும் தெரியாமல், வாங்கினவர் முகமும் தெரியாமல், கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்பதும் தெரியாமல் செய்கிற வேலை உலகத்தில் ஒன்று உண்டென்றால், அது கம்ப்யூட்டரில் ஃபைல் கொடுக்கிற வேலைதான். டவுன்லோடு கோடு நகருமா நகராதா என்று கண் பூத்துப்போக உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நம்ம கூட்டாளிகள்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. கோயமுத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் நான் பார்சல் கட்டுகிற பக்கம் இருந்தேன். தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் புகைந்துபோனால் ரீவைண்டிங் கடைக்காரர் உள்ளே புதுசாகக் கம்பி சுற்ற வேண்டும். எந்தக் கம்பி, எத்தனை சுற்று என்பதெல்லாம் கம்பெனி போட்ட படத்தில் இருக்கும். அந்தப் படம் வந்து சேரும்வரை மோட்டார் கடையிலே, தண்ணி கிணற்றிலே, பயிர் வெய்யிலிலே. படத்தை நாங்கள் பஸ்ஸில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அப்போது சுகந்தி என்று ஒரு பொண்ணு வேலைக்கு வந்தாள். படங்களை வெப்சைட்டில் ஏற்றிவைத்தால் கடைக்காரர்கள் அவரவர் ஊரில் உட்கார்ந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளியிடம் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் செய்தும் வைத்தாள். கடைக்காரர்கள் சந்தேகம் கேட்டுப் போன் பண்ணினால் எடுக்க ஓர் ஆள் வேண்டுமே. நான் எட்டாவதோடு நின்றவள், ஆனால் எந்தக் கடைக்காரரும் "அலோ" என்றதுமே ஊர் பேர் சொல்லிவிடுவேன். என்னைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

மேனேஜருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "வானத்துல கவுறு கட்டி வாளி எறக்கறாப்ல இருக்குதுங்க" என்றார். முதலாளி இருவரையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "பொங்கல் வரைக்கும் பாக்கலாம். கடைக்காரங்க படத்தை முழுசா எடுக்கறாங்கன்னா நடக்கட்டும். இல்லீன்னா பழையபடி பஸ்ஸுதான். அப்பறம் சுகந்தி அம்மணிக்கு இங்க சோலி இல்லீங்க, அதையும் இப்பவே சொல்லிப்போடறேன்."

சுகந்தி சிரித்தபடி தலையாட்டினாள். துப்பட்டா நுனியை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றிக் கசக்கிவிட்டாள்.

தீராத சரக்கு

முதல் போன் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்தது. கடைக்காரர் பெரியவர், நிதானமான மனுசர். "ஏனுங்க அம்மணி, நாளைக்கு நம்மூட்டுல விசேசமுங்க. நாளன்னிக்குத்தான் படத்தை எடுக்கோணும். அதுக்குள்ள ஈரோட்டுக்காரரு எடுத்துப்போட்டார்ன்னா?"

"எடுக்கட்டுங்களே" என்றேன்.

"அப்பறம் எனக்குங்?"

"உங்களுக்கும் இருக்குங்க. எத்தனை பேர் எடுத்தாலும் அது தீராதுங்க."

கம்பி, பேரிங், வாசர் என்று எல்லாம் தீர்ந்து தீர்ந்து வாங்கி அடுக்கிய மனுசர். யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தீராத சரக்கை நான் கடை வெச்ச நாள்ல இருந்து பாத்ததில்லீங்க. எதுக்கும் எனக்கொண்ணு பேரெழுதித் தனியா எடுத்து வெச்சிருங்க."

பூச்சிக் கட்டு

ஈரோட்டுக்காரர் வேறு மாதிரி. எதையும் முழுசாகச் செய்துவிட்டுத்தான் பேசுவார். அவர் படத்தைத் தொட்டதும் திரை முழுக்கப் பூச்சி ஊர்கிற மாதிரி என்னென்னவோ எழுத்து. கட்டமும் கோடும் கொம்புமாக வந்துகொண்டே இருந்ததாம். நாமாக இருந்தால் நிறுத்தியிருப்போம். அவரோ, கம்பெனி அனுப்பினதைப் பாதியில் நிறுத்துவது முறையில்லை என்று அத்தனையையும் பிரிண்டரில் அடித்தார். பொழுதெல்லாம் கிர்ர் கிர்ர் என்று ஓடியதாம் பிரிண்டர். அடித்ததைக் கட்டாகக் கட்டி, நாங்கள் சரிபார்க்க வேண்டும் என்று கோயமுத்தூருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

சுகந்தி கட்டைப் புரட்டிப் பார்த்ததும் கோளாறைப் பிடித்துக்கொண்டாள். ஃபைலைக் கொடுக்கும்போதே, "இது பிரித்துக் காட்டுகிற பண்டமில்லை, பொட்டலமாகவே உள்ளே வை" என்று எங்கள் வெப்சைட்டு ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டுமாம். சொல்லாததால் அவர் கம்ப்யூட்டர் பொட்டலத்தைப் பிரித்து நடுவாசலில் கொட்டிவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் அதைச் சரி பண்ணிவிட்டாள். ஆனால் மேனேஜர் சும்மா விடுவாரா? அந்தக் கட்டைத் தூக்கி அவள் மேசையில் தொப்பென்று போட்டார். "கடைசீல இதுவும் பஸ்ஸுலதான் வந்துச்சு, பாத்தீங்களா?"

ஒரம்பரை எங்கே?

பெரிய படங்களோடு சின்னதாக ஒரு நோட்டீசும் ஏற்றியிருந்தோம். அது எல்லோருக்கும் சட்டென்று போய்விடும். உடுமலைக் கடைக்காரர் அதை எடுத்தார். எடுத்ததும் திரையில் "முடிந்தது" என்று வந்திருக்கிறது. அவ்வளவுதான், நோட்டீசைக் காணோம். மேசையைத் தேடுகிறதா, மிசினைத் தேடுகிறதா என்று தெரியாமல் என்னைக் கூப்பிட்டார்.

எங்கே சேமிக்கட்டும் என்று மிசின் கேட்டிருக்கும், அவரும் அவசரத்தில் "சரி" என்று அழுத்தியிருப்பார். அது எந்த மூலையில் போய் உட்கார்ந்ததோ! சுகந்தி சொல்லச் சொல்ல நான் போனில் வழி சொன்னேன். ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தார். கடைசியில் கிடைத்தது. கோபிப்பார் என்று நினைத்தேன், மனுசர் அதை வீட்டுக்கு வந்த விருந்தாளியாக்கி விழுந்து விழுந்து சிரித்தார்: "ஒரம்பரை வந்ததைப் பாத்தனுங்க அக்கா, ஆனா ஊட்டுக்குள்ள போயி எந்த ரூமுல படுத்துக்கிட்டாருன்னுதான் தெரியலீங்க!"

பாதியில் அறுகிற கயிறு

சிரித்துக்கொண்டே கார்த்திகை போய்விட்டது. மார்கழியில் சிரிப்பு நின்றது. நோட்டீசு போகிறது, படம் போகவில்லை. ஈரோட்டுப் பூச்சிக் கட்டைத் தவிர, ஒரு படம்கூட ஒரு கடைக்கும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. பாதியில் அறுந்துவிடுகிறது. யாருக்கு எவ்வளவு போனது என்று சுகந்தி திரையில் தெரியும். கால்வாசி, அரைவாசி, அதற்கு மேல் நகராது. படத்தைச் சுருக்கிப் பார்த்தாள், துண்டு போட்டுப் பார்த்தாள். எங்கள் ஆபீசிலிருந்து அவளே எடுத்தால் ஒழுங்காக வருகிறது. கடைக்காரர்கள் எடுத்தால் மட்டும் அறுகிறது. டிபன் பாக்சைத் திறந்து வைத்துக்கொண்டு திரையையே பார்ப்பாள். "ஒரு வாய் சாப்புடு கண்ணு" என்பேன். "பொங்கலுக்கு ஊருக்குப் போனா அப்படியே தங்கிக்க வேண்டியதுதான்க்கா" என்பாள்.

ஒரு நாள், சத்தி என்று நாங்கள் சொல்கிற சத்தியமங்கலத்திலிருந்து போன். அங்கே கடையைப் பார்த்துக்கொள்வது ஓர் அம்மணி, கெட்டிக்காரி. "ஏனுங்க அக்கா, அஞ்சு எச்பி மோட்டாருப் படம் ஒண்ணு எடுத்துக்கறனுங்க" என்றார். எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். நானும் எப்போதும்போல "தாராளமா எடுத்துக்குங்க" என்றேன்.

"எடுக்க ஆரம்பிச்சுப்போட்டுத்தானுங்க கூப்புடறேன். நல்லா வந்துட்டிருந்துச்சு. உங்ககிட்டச் சொல்லலாம்னு போனை எடுத்தேன், உள்ள கீச்சுன்னு ஒரு சத்தம். வெச்சுப்போட்டு மறுக்கா எடுத்தேன், லைன் கெடைச்சுது. இப்பப் பாத்தா படம் அப்படியே நின்னுக்குதுங்க."

நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த சுகந்தி சட்டென்று நிமிர்ந்தாள். "அவங்க கடையில எத்தனை போன்னு கேளுங்க மயிலக்கா."

கேட்டேன். ஒன்றுதான். கம்ப்யூட்டருக்குப் போகிற கம்பியும் அதே போன் கம்பிதான், எங்கள் ஆபீசில் மாதிரி தனி லைன் இல்லை.

சுகந்தி நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். படம் வருகிற வழியிலேயே போனைத் தூக்கினால் படம் அறுந்துபோகாமல் என்ன செய்யும்? நோட்டீசு சின்னது, போனைத் தூக்குவதற்குள் வந்து சேர்ந்துவிடும். படத்துக்கு நேரமாகும், அதற்குள் இவர்களுக்கு மரியாதை ஞாபகம் வந்துவிடும். இத்தனை நாளும் ஒவ்வொரு படத்தையும் எடுக்க ஆரம்பித்து, எடுக்கிறேன் என்று என்னிடம் சொல்வதற்காகவே அறுத்திருக்கிறார்கள்! விசயத்தைச் சத்தி அம்மணிக்குச் சொன்னேன். அவர் கேட்டார்: "அதுக்காக ஒரு வார்த்தை சொல்லாம எப்படிங்க எடுக்கறது?"

அதுக்கு வேற பேரு

முதலில் சொல்லிவிட்டு அப்புறம் எடுங்கள் என்றால், என் ஒரு போனுக்கு அத்தனை கடையும் வரிசையில் நிற்க வேண்டிவரும். அதனால் அன்றைக்கே எல்லாக் கடைக்கும் போன் போட்டேன். "இனிமே சொல்ல வேண்டாமுங்க, நீங்களா எடுத்துக்குங்க." லேசாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. அடுத்தவர் தோட்டத்தில் ஓர் எலுமிச்சம்பழம் பறித்தாலும் வேலியோரம் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் பறிப்போம், அப்படி வளர்ந்த ஆட்கள். உடுமலைக்காரர் படத்தின் பெயரைத் திரையில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம், எடுக்கவில்லையாம். ஈரோட்டுக்காரர், முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் எடுக்கிறேன் என்றார். கோபிப் பெரியவருக்குக் கோபமே வந்துவிட்டது: "சொல்லாம எடுக்கறதுக்குப் பேரு எடுக்கறது இல்லீங்க அம்மணி, அதுக்கு வேற பேரு இருக்குது."

பொங்கல் நெருங்கிவிட்டது. கோபிப் பெரியவர் சொன்னதை இன்னொரு தரம் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள் சுகந்தி. அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை என்னிடம் தள்ளினாள். "மயிலக்காகிட்டச் சொல்லிப்போட்டேன்னு உங்க கையால எழுதிக் குடுங்கக்கா." எதற்கென்று கேட்காமல் எழுதிக் கொடுத்தேன். அப்போதெல்லாம் தமிழ் எழுத்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரியாது, அதனால் என் கையெழுத்தையே படமாக்கி ஒரு பட்டனாகச் செய்துவிட்டாள். ஒவ்வொரு மோட்டார் படத்துக்கும் முன்னால் அந்தப் பட்டன் நிற்கும். அதை அழுத்தினால்தான் படம் வரும். அழுத்தியவர் கடைப் பெயர் எங்கள் திரையிலும் வந்து விழும்.

மேனேஜர் வந்து பார்த்தார். கிண்டல் பண்ணத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அவரும் எங்கள் பக்கத்து ஆள்தானே! "எழுதினது சரீங்க, கடைசீல ஒரு 'ங்க' போடாம விட்டுப்போட்டீங்களே?"

எல்லாம் எங்கேஜ்டு

"சொல்லிப்போட்டேனுங்க" என்று திருத்தின பட்டனோடு, போகிக்கு முந்தின நாள் காலையில் புது மாடல் மோட்டாரின் படத்தையும் ஏற்றினாள் சுகந்தி. கடைக்காரர்கள் எல்லோரும் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த படம் அது. கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்தார், பின்னாலேயே மேனேஜர். "கெடு முடிஞ்சுது அம்மணி. படம் முழுசாப் போகுதா இல்லையா?"

"இப்ப எடுத்துட்டிருப்பாங்க சார்" என்றாள் சுகந்தி.

முதலாளிக்குத் திரையில் நம்பிக்கை இல்லை, மனுசர் வாயால் கேட்க வேண்டும். எங்கள் போனை இழுத்துக் கோபிக்கு அடித்தார். எங்கேஜ்டு. சத்திக்கு அடித்தார். எங்கேஜ்டு. ஈரோடு, எங்கேஜ்டு. உடுமலை, அதுவும். அவர் முகம் சிவந்துவிட்டது. "என்னுங்க இது, ஒருத்தராவது எடுக்கறாங்களா? காலங்காத்தால அத்தனை பேரும் யாருகூடப் பேசறாங்க?"

சுகந்தி திரையைக் கை காட்டினாள். மேனேஜர்தான் சொன்னார், அதுவும் மெதுவாக. "பேசலீங்க சார். எல்லாரு லைன்லயும் நம்ம படம் போயிட்டிருக்குதாட்ட இருக்குங்க."

முதலாளி ரிசீவரைக் கையில் வைத்தபடியே நின்றார். மறுபடி கோபிக்கு அடித்தார். டொய்ங், டொய்ங் என்று எங்கேஜ்டு சத்தம். மேனேஜர் காதிலும் வைத்துக் காட்டினார். முதலாளி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு வந்தது. திரையில் ஒவ்வொரு கடையாக, அரைவாசி தாண்டி, முக்கால்வாசி தாண்டி, முழுசு என்று விழ ஆரம்பித்தது. நான் சுகந்தி கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வெரசா வந்துருங்க அம்மணி" என்றார் முதலாளி. "ஊட்டுக்காரங்க இருன்னாலும் இருந்தறாதீங்க, பழைய மாடல் படமெல்லாம் இன்னும் ஏத்த வேண்டியிருக்குது." சுகந்தி தலையை மட்டும் ஆட்டினாள். டிபன் பாக்சை எடுத்து, அவர்கள் முன்னாலேயே திறந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது போன் அடித்தது. முதலாளியே எடுத்தார். சத்தி அம்மணி. பேசுவது யாரென்று தெரியாமலே படபடவென்று சொன்னார்: "படம் முழுசா வந்துருச்சுங்க, கம்பி சுத்தவும் ஆரம்பிச்சாச்சு. எடுக்கறதுக்கு முன்னால பட்டனுகிட்டச் சொன்னனுங்க, எடுத்ததுக்கப்பறம் மனுசருகிட்டச் சொல்ல வேண்டாமுங்களா?"

எந்த வியாபாரத்திலும் கடைக்காரர் போனை எடுத்துப் பேசினால்தான் முதலாளி சிரிப்பார், ஒருத்தருமே எடுக்கவில்லை என்று ஒரு முதலாளி வாய் நிறையச் சிரித்தது எங்கள் தொழில் ஒன்றில்தான்.