யாரிடம் முதலில் சொல்வீர்கள்?

எங்கள் பிரிவில் எனக்கு மூத்தவரான அக்காவுக்கு அலுவலகத்தில் 'பூட்டு' என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் மேல்மாடி விற்பனைப் பிரிவுக்காரர்கள். அவர்கள் நாக்கு வறளப் பேசி ஓர் ஆளைப் பிடித்து, போன் இணைப்பை எங்கள் பக்கம் தள்ளுவார்கள். அக்கா நாலு கேள்வி கேட்டுவிட்டு, "உங்களுக்கு இது ஒத்து வராதுங்க" என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். வயிற்றெரிச்சல் இருக்காதா? அந்த எரிச்சலில் பிறந்த பெயர் அது. "பூட்டுன்னா பூட்டுதான், இருந்துட்டுப் போறேன். சாவி ஆணையத்துகிட்ட இருக்கு, அங்க போய்க் கேளுங்க" என்பார் அக்கா. சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்வார்.

எங்கள் கம்பெனி விற்றது என்ன என்று என் மாமியாருக்கு இன்றுவரை என்னால் விளக்க முடிந்ததில்லை. தங்கம், எண்ணெய், வெளிநாட்டுப் பணம் என்று பேச்சில் எல்லாம் வரும். கையில் ஒன்றும் வராது. விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம், அவ்வளவுதான். அதிலும் ஒரு பங்கு நம் பணம், மீதிக்குக் கம்பெனி தாங்கும். லீவரேஜ் என்று அதற்குப் பெயர். விலை கொஞ்சம் நகர்ந்தாலும் லாபம் பலமடங்கு. எதிர்ப்பக்கம் நகர்ந்தால் போட்டது போய், கைக்காசும் போகும். வேலையை விட்டபோது கிடைத்த பணம், வீட்டை விற்ற பணம் என்று எத்தனையோ பேர் கொண்டுவந்து கொட்டித் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனபிறகுதான் ஒழுங்குமுறை ஆணையம் விழித்துக்கொண்டது. சாதாரண ஜனங்களுக்கு விற்பதற்கு முன்னால் ஓர் ஆள் அவர்களோடு பேச வேண்டும், எச்சரிக்கைகளைப் படித்துக் காட்ட வேண்டும், புரிந்ததா என்று கேள்வி கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று விதி போட்டது. அந்த ஆட்கள்தான் நாங்கள். ஜன்னல் இல்லாத அறை, பஞ்சு ஒட்டிய சுவர்கள், ஏசியிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீர். அக்காவின் நாற்காலிக்கு ஒரு கை கிடையாது. அதை மாற்றச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்துவிட்டது.

விதியில் இல்லாத கேள்வி ஒன்று அக்காவிடம் இருந்தது. எல்லாம் முடிந்தபிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "இந்தப் பணம் மொத்தமும் போச்சுன்னு வெச்சுக்கோங்க. யார்கிட்ட முதல்ல சொல்லுவீங்க?" 'என் வீட்டுக்காரர்கிட்ட', 'எங்க அண்ணன்கிட்ட' என்று பட்டென்று பதில் வந்தால் சரி. மறுமுனையில் பேச்சு நின்றுபோனால் அக்கா கணக்கை மறுத்துவிடுவார். வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவர்தான் முழுகிப்போகிறவர் என்பது அவருடைய தீர்மானம். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. நாளடைவில் பிரிவில் எல்லாருமே அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தோம்.

விற்பனைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆட்களுக்கு முன்கூட்டியே பதிலைச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள். அதற்கும் ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. ஊழியர் சொல்லிக் கொடுத்த பதிலைக் கொண்டு திறந்த கணக்கு செல்லாது. போட்ட பணத்தைக் கம்பெனி முழுசாகத் திருப்ப வேண்டும். சொல்லிக் கொடுத்தவர் இந்தத் தொழிலிலேயே இருக்கக் கூடாது. அக்கா அந்த விதியை வைத்து மேல்மாடியில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார். எல்லாக் கேள்விக்கும் பிசகாமல் பதில் சொன்ன பதிவுகளை மட்டும் எடுத்துப்போட்டுக் கேட்பார். "நிஜமாப் புரிஞ்சவன் திக்குவான். இவ்வளவு வழவழன்னு பேசறவனுக்கு எவனோ பாடம் எடுத்திருக்கான்" என்பார். பதிவுகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

அப்படி ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு வந்து கண்ணைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா என் தோளைத் தொட்டார். "இதைக் கொஞ்சம் கேளு" என்று ஹெட்போனை என் காதில் வைத்தார். அடுத்த ஷிஃப்டுப் பெண் ஒருத்தி சில மாதங்களுக்கு முன்னால் எடுத்த அழைப்பு. ஓர் ஆண் குரல், நிதானமாக, ஒரு வார்த்தை பிசகாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. லீவரேஜ் என்றால் என்ன என்று அவள் கேட்டதும், "கம்பெனி எனக்கு ஏணி குடுக்குது. மடமடன்னு ஏறலாம். விழுந்தா ஏணி கம்பெனிக்குத் திரும்பிப் போயிடும், கால் உடையறது எனக்குத்தான்" என்றது குரல். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "நீங்களே எங்களுக்குப் பாடம் எடுப்பீங்க போலிருக்கே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஏணி அக்காவின் ஏணி. அவர் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தது. குரலும் எனக்குத் தெரிந்த குரல்தான். அத்தான்!

அக்காவின் வீட்டுக்காரரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். லிஃப்ட் மெக்கானிக். முட்டி தேய்ந்து, ஏறி இறங்க முடியாமல் வேலையை விட்டவர். ஆணையம் வாசகத்தை மாற்றும்போதெல்லாம் அக்கா வீட்டில் சமைத்துக்கொண்டே சத்தம் போட்டு எச்சரிக்கைகளை மனப்பாடம் செய்வார். அத்தான் முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் கேட்டுக்கொண்டிருப்பார். ஏணி உதாரணம் பிறந்த அன்று நானும் அங்கே இருந்தேன். "ஏணியெல்லாம் பழசு. லிஃப்டுன்னு சொல்லேன்" என்றார் அத்தான். "லிஃப்டு விழவே விழாதுன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்க?" என்று அக்கா மடக்க, மூன்று பேரும் சிரித்தோம்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக அந்தக் கேள்வியும் வந்தது. யார்கிட்ட முதல்ல சொல்லுவீங்க? "என் பொண்டாட்டிகிட்ட. வேற யார்கிட்ட?" மூச்சு விடும் நேரம்கூட எடுக்கவில்லை மனுஷன்.

அக்கா அந்த எண்ணைப் போட்டுக் கணக்கைப் பார்த்தார். அத்தான் வேலையை விட்டபோது மொத்தமாக வந்த பணம், முட்டி ஆபரேஷனுக்கும் வயதான காலத்துக்கும் என்று எடுத்து வைத்திருந்தது, பாதிக்குமேல் போயிருந்தது. மீதியும் எண்ணெய் விலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அதுவரை ஒரு வார்த்தை தெரியாது.

"பதிலைச் சொல்லிக் குடுத்திருக்காங்க இல்ல?" என்றார் அக்கா.

"யாரு?"

"நான்தான்."

அக்கா இதை ஆணையத்துக்கு எழுதிக் கொடுத்தால் கணக்கு செல்லாது, பணம் திரும்ப வரும். ஆனால் சொல்லிக் கொடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரையே போட வேண்டும். இனி இந்தத் தொழிலில் எங்கேயும் வேலை கிடையாது. எழுதாவிட்டால் வேலை மிஞ்சும், அத்தானின் பணம் போகும். வேலைக்கு அக்கா, சேமிப்புக்கு அத்தான் என்று ஓடிய குடும்பம். இரண்டில் ஒன்று போய்த்தான் ஆக வேண்டும்.

எங்கள் மேனேஜர் அன்றுதான் முதன்முறையாக அக்காவிடம் பரிவாகப் பேசினார். பணம் திருப்ப வேண்டியது கம்பெனியாயிற்றே, பரிவு வராதா? "வீட்ல பேசறதையெல்லாமா கணக்குல எடுப்பாங்க? நீங்க வாயைத் திறக்கலைன்னா யாருக்கும் தெரியாதும்மா."

"மேல்மாடிக்காரங்க மூணு பேரும் இதையேதான் சார் சொன்னாங்க" என்றார் அக்கா. எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆணையத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். சாட்சிக்கு என்னையும் உட்கார வைத்தார்கள்.

"உங்க கணவருக்குப் பதில்களைச் சொல்லிக் குடுத்தீங்களா?"

"ஆமா சார். வருஷக்கணக்கா. காய் நறுக்கிக்கிட்டே."

"எதுக்காக?"

"அவர் இதுல இறங்கக் கூடாதுன்னு."

அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார். "இப்படியும் பார்க்கலாம் இல்லையா? ஜெயிச்சா லாபம், தோத்தா புகார். ரெண்டு பேரும் பேசி வெச்சு ஆடியிருக்கலாம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவா? மேல்மாடி முழுக்கக் கரித்துக்கொட்டியும் ஒரு கணக்கைக்கூட விட்டுக் கொடுக்காதவரா? அக்கா கோபப்படவில்லை. கோபப்படத் தெம்பில்லை என்றுதான் சொல்ல வேண்டும். "பேசி வெச்சு ஆடறவ, வேலையையுமா சார் வெச்சு ஆடுவா?" என்றார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

அத்தானிடம் அக்கா கேட்டிருக்கிறார், ஏன் மறைத்தீர்கள் என்று. "வீட்ல சும்மா உக்காந்து உக்காந்து புத்தி போயிடுச்சு. எல்லாம் தெரிஞ்ச நமக்கு என்ன ஆகிடும்னு நெனச்சேன். நஷ்டம் வந்ததும் சொல்லத்தான் நெனச்சேன். ஆனா நான் வாயைத் திறந்தா நீ அந்த எச்சரிக்கையெல்லாம் ஒண்ணுவிடாம படிக்க ஆரம்பிச்சிடுவியே" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அக்கா அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

முடிவு வந்த அன்று நாங்கள் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் அலுவலகத்தில் மனம்விட்டுப் பேச அதைவிட்டால் இடம் கிடையாது. பணம் முழுவதும் திரும்பிவிடும். அக்கா நாளை முதல் வர வேண்டாம். கையில் ஒரு பை, அதில் சுடுதண்ணீர் ஃபிளாஸ்க்கும் தொண்டை மிட்டாய் டப்பாவும்.

"எனக்குக் களைப்பா இருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றார். "பேச்சு நின்னுபோனவங்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். அது சரிதான். ஆனா பட்டுனு பதில் சொன்னவங்களை நம்பினேன் பாரு, எத்தனை பேரோ!"

"அத்தானுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "இல்ல" என்றார். "காலையில வந்தது. நேரா உன்கிட்டதான் வந்தேன்." பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே, "என்னை யாராவது கேட்டிருந்தா, 'என் வீட்டுக்காரர்கிட்டதான்'னு நானும் பட்டுனு சொல்லியிருப்பேன்" என்றார்.

பையிலிருந்து போனை எடுத்து எண்ணைப் போட்டார். இரண்டாவது மணியிலேயே அத்தான் எடுத்துவிட்டார். அக்கா வாயைத் திறந்தார்; ஒன்றும் வரவில்லை. நாள் முழுக்க அடுத்தவரைப் பேச வைத்தவர், போனைக் காதில் வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஹலோ? ஹலோ? என்னம்மா ஆச்சு?" என்று அத்தானின் குரல் எனக்கும் கேட்டது.