மரச்சுரைக்கு வெட்டிய கபுறு

நம்புகிறவர் நம்பட்டும். நம்பாதவர் ஒரு நாள் பொழுதுபடும் மஃரிப் நேரத்தில் சுவாம்பிள்ளையின் வளவுக்குப் போய், அந்த மரச்சுரை மரத்தடியில் தனியாக நின்று பார்க்கட்டும். கல்முனையில் நடந்ததுதான் இது. ஸாஜித் தன் வாயால் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

அவனுடைய காக்கா, கூடப்பிறந்த அண்ணன் அஸ்ஹர், கூட்டாளி றிஷானோடு ஆழ்கடலுக்கு மீன் பிடிக்கப் போனவர். புயல் அடித்தது. படகும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. ஊரே தேடி ஓய்ந்துவிட்டது. காக்காவின் மனைவி, மதினி ஹிமாயா மட்டும் ஓயவில்லை. மையித்தை, அவர் உடலைக் கண்ணால் காணாமல் கைம்பெண்ணாக இத்தா இருக்கமாட்டேன் என்று, பொழுதுபடும் போதெல்லாம் அவருக்கும் சோறு போட்டு மூடி வைத்தாள்.

"கனவுல வாறாரு தம்பி. தண்ணி தா, தண்ணி தா எண்டு கேக்காரு" என்று அழுதாள். கடலில் மூழ்கிச் செத்தவர் தண்ணீர் கேட்பாரா என்று ஸாஜித் யோசிக்கவில்லை. அவள் அழுகையை நிறுத்த வழி தெரியாமல் தவித்தான்.

சுவாம்பிள்ளை கப்பலில் வேலை செய்தவர். ஆபிரிக்காவிலிருந்து அவர் கொண்டுவந்த விதையில் முளைத்ததுதான் அந்த மரச்சுரை. கயிறு போன்ற காம்புகளில் முழ நீளக் காய்கள் தொங்கும். ஒன்று தலையில் விழுந்தால் ஆள் முடிந்தான். இரத்தச் சிவப்புப் பூக்கள் பொழுதுபட்டதும் விரியும். வௌவால்கள் வந்து தேன் குடிக்கும். விடிந்தால் பூவெல்லாம் உதிர்ந்து நாறிக் கிடக்கும். பச்சைக் காய் நஞ்சு. காயவைத்து இடித்த தூளைச் சொறிக்கும் புண்ணுக்கும் பூச அயலவர்கள் வாங்கிப்போவார்கள்.

"அந்த நாட்டுல இன்னொரு வேலைக்கும் இத எடுப்பாங்க" என்று, வழி கேட்டு வந்த ஸாஜிதிடம் சொன்னார் சுவாம்பிள்ளை. "உடம்பு கிடைக்காமச் செத்தவனுக்குப் பதிலா இந்தக் காயப் புதைப்பாங்க. பிறகு அவன் அலையமாட்டான்... தம்பி, ஆள் செத்தது நிச்சயம்தானே?"

"ஓம்" என்றான் ஸாஜித்.

மார்க்கத்தில் இல்லாத வேலை என்று அவனுக்குத் தெரியும். வெள்ளத்தில் போகிறவன் துரும்பையும் பிடிப்பான்.

வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறார்கள். கடற்கரைத் தாழைகளுக்குப் பின்னால் கபுறுக் குழி வெட்டினான். காக்கா இடுப்பில் உடுத்தும் சாரனில், பறித்து வந்த காயைச் சுற்றினான். கை சுட்டது... காய்ச்சல்காரனைத் தொட்டது மாதிரி.

வெயிலில் கிடந்ததாக்கும். குழியில் வைத்து மணலைத் தள்ளினான்.

டொக்.

அலைச் சத்தமாக்கும்...

டொக்... டொக்...

கீழேயிருந்துதான். படகுப் பலகையில் கையால் தட்டுகிற சத்தம்.

பயத்தில் மிச்ச மணலையும் வாரிப் போட்டான். ஏறி நின்று மிதித்தான்.

சத்தம் நின்றது.

அது நின்ற பிறகுதான் அவனுக்கு உறைத்தது. விழுந்து இரண்டு கையாலும் தோண்டினான். தோண்டத் தோண்ட ஈர மணல் சரிந்தது.

"காக்கா..."

சாரன் வந்தது.

காய் இல்லை.

மறுநாள் ஹிமாயா சொன்னாள்: "ராவு அவரு தண்ணி கேக்கல்ல." அதற்குப் பிறகு அவள் சோறு மூடி வைக்கவில்லை.

அடுத்த கிழமை, தூரக் கடலில் ஒரு கப்பல் அந்தப் படகைக் கண்டது. உயிரோடு ஊர் திரும்பியவன் றிஷான் மட்டும்தான். ஸாஜிதின் முகத்தைப் பார்க்காமலே அவன் கதைத்தான்.

"மழத் தண்ணியக் குடிச்சிக் கிடந்தம். போன வெள்ளிக்கிழம வரைக்கும் அஸ்ஹர் உயிரோடதான் இருந்தாரு. இண்டைக்கு ஜும்ஆ எண்டு அவருதான் சொன்னாரு. சரியான காச்சல். பொழுது படுற நேரம் பலகையில தட்டத் தொடங்கினாரு... மூடாதடா ஸாஜித், மூடாதடா எண்டு கத்தினாரு. பிறகு சத்தமில்ல."

ஸாஜித் அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

"கிட்டப் போய்ப் பாத்தன்" என்றான் றிஷான். "நடுக்கடல்... சுத்திவரத் தண்ணி. அவர்ர வாய் நிறைய மணல்."